பனிச் சாலையும் டயரும்

வெண்பனி மூடிய சாலையில் மோட்டார் வண்டி எவ்வாறு வழுக்காது ஓடுகின்றது? வெயிலும் மழையுமே கண்டு வாழும் நமக்கு இது புதுமையே.

குளிர் 7 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். சாலையைச் சரிவரப் பற்றாது. ஆதலின் குளிர்காலத்திற்கெனத் தனி டயர் செய்கின்றனர். கடுங்குளிரிலும் நெகிழ்ந்து நிற்கும் இயற்கை ரப்பர், அதாவது நாம் அறிந்த பால்மரத்தின் கொடை, அதில் மிகுதியாகச் சேர்கின்றது. மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும். மூன்று சிகர மலையும் பனித்துகளும் பொறித்த குறியைப் பார்த்து அதனை வாங்குவர். ஜெர்மனியில் 2010-ஆம் ஆண்டு விதிப்படி, பனிபடர்ந்த சாலையில் குளிர்கால டயரின்றி ஓட்டினால் அபராதம் உண்டு.

செங்குத்தான மலைப்பாதைக்கு டயர் மட்டும் போதாது. இயந்திர விசை பெறும் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி கட்டுவர். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டிக்குப் பின்சக்கரத்தில் மட்டும் கட்டினால் வண்டி நகருமோ? பனியற்ற தரை வந்ததும் அதனைக் கழற்றிவிடல் வேண்டும். இல்லையேல் சங்கிலியும் சாலையும் கெடும்.

ஆணி பதித்த டயரே சிறந்ததெனச் சிலர் கருதுவர். அது எவ்விடத்திற்கும் ஏற்றதென நாம் எண்ணோம். ஜப்பானின் செண்டாய் நகரில் அவ்வாணிகள் சாலையைச் சுரண்டி எழுப்பிய தூசு மக்களின் மூச்சுக்கே இடராயிற்று. 1990-இல் அந்நாடு சட்டம் இயற்றி அவற்றைத் தடுத்தது. நார்வே, பின்லாந்து நாடுகளிலோ குளிர்காலத்தில் இன்றும் அவற்றுக்கு இசைவு உண்டு.