அண்ணகரா, மந்திரியா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாடு கற்பித்த ரிச்சர்ட் ஹேஸ் 1996இல் எழுதிய அறநெறி நூல், தன்பாலுறவை ஏற்க மறுத்த சுவிசேஷப் போதகர்கள் பலருக்கு ஆதாரமாக இருந்தது. 2024இல் அவரே தம் மகன் கிறிஸ்டோபருடன் சேர்ந்து இன்னொரு நூல் எழுதி, அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டார். முன்பு எழுதியது பிறரைக் காயப்படுத்தியதற்கு வருந்தவும் செய்தார். மகன் கற்பிப்பதோ, ஒரே பாலினத்தவரை மணந்த மாணவரை நீக்கியதால் 2019இல் வழக்கைச் சந்தித்த ஃபுல்லர் இறையியல் கல்லூரியில். தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்கவேண்டும் என்ற அமெரிக்கச் சுவிசேஷத்தார், பியூ ஆய்வின்படி, 2007இல் 26 சதவீதம், 2014இல் 36. வேதத்தை விட்டு விலகியதால் வந்த மாற்றம் இது என்பார்கள். ஹேஸ் போன்றவர்களைப் பார்த்தால், வேதத்தை விடாமல் வாசித்தவர்களிடமும் அது நேர்ந்திருக்கிறது.

அந்த வேதத்துக்குள்ளேயே இப்படியொரு மாற்றம் உண்டு. ஆண்மை நீக்கப்பட்டவரான அண்ணகரை உபாகமம் 23 சபைக்கு வெளியே நிறுத்துகிறது; ஏசாயா 56 ஆலயத்துக்குள் அழைக்கிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய அண்ணகர் ஞானஸ்நானமே பெறுகிறார். நம் பழைய தமிழ் வேதாகமம் அவரை 'மந்திரி' என்று மட்டும் சொல்லிவிட்டதால், தமிழ்ச் சபைகளில் பலருக்கு அந்தக் கதையின் கூர்மை எட்டுவதில்லை. அண்ணகரும் தன்பாலீர்ப்புள்ளவரும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் தள்ளிவைத்த ஒரு விதியை வேதமே பின்னர் தளர்த்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. தடைசெய்யும் வசனங்களை ஹேஸின் புதிய நூல் நேரே மறுஆய்வு செய்யவில்லை என்ற குறையில் நியாயம் உண்டு. அந்த இடத்தில் நூல் மெலிந்தே நிற்கிறது.

'தன்பாலுறவு மேல்நாட்டுச் சரக்கு' என்ற ஆட்சேபம்தான் நம்மிடம் அதிகம் ஒலிப்பது. தம்பலகாமத்து வயல்காரரையும் திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளியையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும், தன்பாலுறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, 1883இல் ஆங்கிலேயர் இயற்றியது. மேல்நாட்டுச் சரக்கு என்றால் முதலில் அதைத்தான் சொல்லவேண்டும். 1995இல் 365அ பிரிவைத் திருத்தியபோது, ஆண்களோடு நின்றிருந்த குற்றம் பெண்களுக்கும் நீண்டது. இப்பிரிவுகளை மாற்றும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மேயில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. தன்பாலுறவு பாவம் என்றே நம்பும் ஒரு போதகருக்குக்கூட அத்தகைய மசோதாவை எதிர்க்க வேதக் காரணம் இல்லை. பேராசையையும் புறங்கூறலையும் பாவமென்றே அவர் பிரசங்கிக்கிறார். அவற்றுக்குச் சிறை கேட்பதில்லை.