வாசல் இழந்த கோலம் ஏட்டில் வாழட்டும்

உழைக்கும் கைகளின் ஊர் திருப்பூர். அதன் ஓர் அங்கமாகிய வீரபாண்டி, 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி ஊராட்சியாக விளங்கியது. இன்று அங்கே பனியன் நிறுவனங்களும், அவற்றுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு கூடங்களும், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. கைகளின் வேலை அங்கே எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. ஓவர்லாக் தைப்பவருக்கு இத்தனை உருப்படி, பிசிர் வெட்டும் பெண்ணுக்கு இத்தனை கட்டு, செக்கிங் மேசையில் நிற்பவருக்கு மணிக்கு இத்தனை என்று கணக்கு ஓடுகிறது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் நாளடைவில் தம் கையின் ஒவ்வோர் அசைவையும் காசாகவே எண்ணப் பழகிவிடுகிறார். குடும்பத்தைக் காக்கும் உழைப்பு அது. அதனைக் குறைத்துக் கூற நாம் முற்படவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். யாரும் எண்ணாத ஒரு வேலையை, யாருக்கும் விற்காத ஒரு பொருளை, அந்தக் கைகள் நாளுக்குப் பத்து நிமிடமாவது செய்ய வேண்டாமா?

நம் அன்னையரிடம் அத்தகைய வேலை ஒன்று இருந்தது. அதுதான் கோலம்.

விடியுமுன் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, மாவை விரலிடுக்கில் எடுத்து, முதலில் புள்ளிகளை வரிசையாக வைப்பார்கள். பிறகு எந்தப் புள்ளியையும் தொடாமல், ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்துக்கொண்டு கோடு செல்லும். சென்ற கோடு தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். சிக்குக் கோலம் என்றும் கம்பிக் கோலம் என்றும் இதனை அழைக்கிறோம். கை ஓடும்போது கண் வேறு எங்கும் போக இயலாது, மனமும் அப்படியே. பேச்சு அடங்குகிறது, மூச்சு சீராகிறது. கோலம் முடிந்தபின் காலடியும் சைக்கிள் சக்கரமும் அதனை அழித்துவிடும். அதற்காக எவரும் வருந்துவதில்லை. மறுநாள் வேறொன்று போடப்படும்.

வாசல் எங்கே?

லைன் வீடுகளில் இந்த வழக்கம் இன்று திணறுகிறது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, அதற்கு வெளியே பல குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு நடை. அந்த நடையில் தண்ணீர்க் குடங்களும், செருப்புகளும், இருசக்கர வண்டிகளும் இடம் பிடித்துக்கொள்கின்றன. கோலம் போட நினைக்கும் பெண்ணுக்குத் தனக்கென்று மூன்றடி நிலம் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவளுக்கு வாசல் தெளிக்கும் நேரமும் இல்லை. ஆகவே, கடையில் வாங்கிய ஸ்டிக்கர் கோலம் ஒன்று நிலைப்படியின் கீழே ஒட்டப்பட்டுப் பல மாதம் அப்படியே கிடக்கிறது.

அதே நடையின் மறுகோடியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் குடியிருக்கலாம். அவர்களுடைய ஊர்களிலும் பெண்கள் அரிசி மாவைக் கரைத்து வீட்டுத் தரையில் வரைகிறார்கள். ஒடிசாவில் அதற்கு ஜோட்டி என்று பெயர். பீகாரின் மிதிலைப் பகுதியில் அரிபன் என்று பெயர். மொழி புரியாமல் ஒருவரையொருவர் கடந்து செல்லும் இந்தப் பெண்கள் அனைவரும், சொந்த ஊரில் ஒரே வகையான கலையை விட்டுவிட்டு வந்தவர்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வாசல் போனதோடு கலையும் போய்விட வேண்டுமா? பாட்டிக்குத் தெரிந்த கோலம் தாய்க்குப் பாதி தெரிகிறது. மகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. இன்னும் ஒரு தலைமுறை கடந்தால் கேட்பதற்கும் ஆள் இருக்காது.

கோல நோட்டு

இதற்கு வழி நம் வீட்டிலேயே உண்டு. பெரியவர்களின் பழைய பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு கோல நோட்டு அகப்படலாம். தோழியிடம் கண்டது, பக்கத்து வீட்டில் கற்றது, மார்கழி மாதத்து வார இதழிலிருந்து எடுத்தது என ஒவ்வொன்றையும் பேனாவினால் வரைந்து, புள்ளிக் கணக்கையும் அருகில் குறித்து வைப்பது பெண்களின் வழக்கம். திருமணமாகிச் செல்லும்போது அந்த நோட்டையும் உடன் கொண்டு செல்வார்கள். வாசலில் போட்டது அன்றே அழிந்தது. மையினால் வரைந்தது நிலைத்தது. மனப்பாடத்திற்காக வைத்திருந்த அந்த நோட்டையே அன்றாடப் பயிற்சிக்குரிய வாசலாக ஆக்கிக்கொள்வோம் என்பதே நாம் கூற வருவது.

பின்னலாடைத் தொழில் செய்வோருக்கு இக்கலை அந்நியமாகவும் இராது. பனியன் துணி எப்படி உருவாகிறது? ஊசி நூலை வளையமாக்குகிறது. அந்த வளையத்திற்குள் அடுத்த வளையம் நுழைகிறது. வளையத்தோடு வளையம் கோத்துத் துணியாகிறது. சிக்குக் கோலத்தின் கோடும் வளைந்து, தன்னையே வெட்டிக் கடந்து, பின்னலாக விரிகிறது. பகலெல்லாம் இயந்திரம் செய்வதை மாலையில் தன் கை தன் விருப்பப்படி செய்கிறது என்பதே வேறுபாடு.

அறிஞர் கண்ட ஆழம்

கோலத்தை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் ஒரு செய்தியை அறிய வேண்டும். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராயிருந்தவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). அவரும், அவருடைய துணைவியாரும் கணித அறிஞருமான ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் இணைந்து 1974-ஆம் ஆண்டில் கோலத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கணினி வரைகலைக்குரிய பன்னாட்டு இதழில் வெளியிட்டனர். சொற்கள் இலக்கண விதிப்படி இணைந்து வாக்கியமாவதைப் போல, சிறு சிறு அலகுகள் விதிப்படி இணைந்து கோலமாகின்றன என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். கணினியைக் கண்ணால் காண்பதே அரிதாயிருந்த காலம் அது. பள்ளிக்கூடம் செல்லாத பெண்களும் வாசலில் போட்டுவந்த கோடுகள், கணினி அறிவியலுக்குப் பாடமாயின.

அந்தக் கணிதத்தின் ஒரு துளியைப் பிள்ளைகளோடு சேர்ந்து நாமே சோதித்துப் பார்க்கலாம். புள்ளிகளை நீள்சதுரமாக வையுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சாய்வாகச் செல்லட்டும். ஓரப் புள்ளியின் வெளிப்புறம் வந்ததும் கோடு அதனைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்பட்டும். ஒரு வரிசைக்கு 3 புள்ளியாக 3 வரிசை வைத்தால், கோலம் முடிவதற்குத் தனித்தனியான 3 கோடுகள் தேவைப்படும். 6 புள்ளியாக 4 வரிசை வைத்தால் 2 கோடுகள். 4 புள்ளியாக 3 வரிசை வைத்தாலோ கையை எடுக்காமல் ஒரே கோட்டில் முடிந்துவிடும். இரண்டு எண்களையும் மீதமின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடுகள் வரும் என்பதே விதி. 4, 5 என்றும் 5, 6 என்றும் அடுத்தடுத்த எண்களைக் கொண்டால் எப்போதும் ஒரே கோடுதான். ஆப்பிரிக்காவில், அங்கோலா நாட்டுச் சோக்வே மக்கள் கதை சொல்லிக்கொண்டே மணலில் விரலால் வரையும் பின்னல்களிலும் இதே விதியைக் காணலாம். கடல் கடந்த இரு மக்களை ஒரு கோடு இணைப்பது வியப்பன்றோ?

துறவியர் வரைந்த பின்னல்

புள்ளியையும் பின்னலையும் மையினால் வரைந்து மனத்தை ஒருமுகப்படுத்துவது திருச்சபையின் வரலாற்றிலும் உண்டு. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், டிரினிட்டி கல்லூரி நூலகத்தில், கெல்ஸ் நூல் என்னும் கையெழுத்துச் சுவடி பாதுகாக்கப்படுகிறது. நான்கு நற்செய்திகளைக் கொண்ட இந்த இலத்தீன் சுவடி, கி.பி. 800-ஆம் ஆண்டளவில் துறவியர் கன்றுத்தோலில் எழுதியது. இன்று எஞ்சியுள்ளவை 340 ஏடுகள், அதாவது 680 பக்கங்கள். மத்தேயு நற்செய்தியில் கிறிஸ்துவின் பிறப்பைக் கூறத் தொடங்கும் இடத்தில், அவருடைய திருப்பெயரின் கிரேக்க எழுத்துகள் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்புகின்றன. அவ்வெழுத்துகளின் உள்ளும் புறமும், கண்ணை ஊன்றிப் பார்த்தால் மட்டுமே புலப்படும் நுண்ணிய பின்னல்கள் நிறைந்துள்ளன. அக்காலத் துறவியர் மைக்குப் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று, கருவாலி மரத்தில் குளவியினால் உண்டாகும் காய் போன்ற முடிச்சு. நம் வீடுகளில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

அத்துறவியர் எவரும் தம் பெயரை அதில் பொறிக்கவில்லை. ஒரு பக்கத்தை முடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கூலிக்கணக்கு வைத்து அந்தப் பின்னல்களை வரைந்திருக்க முடியாது.

நம் காலத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில், எழுத்தோவியக் கலைஞரான மரியா தாமஸ் ஒரு பெரிய எழுத்தைச் சுற்றிச் சிறு வடிவங்களை வரைந்துகொண்டிருந்தபோது தம் மனம் அமைதியுற்றதை உணர்ந்தார். முன்னர்த் துறவு வாழ்வில் இருந்த ரிக் ராபர்ட்ஸ், அதுவே தியானம் என்று அவருக்கு எடுத்துக் காட்டினார். இருவரும் சேர்ந்து 2000-களில் வகுத்த ஜென்டாங்கிள் என்னும் முறை இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. மூன்றரை அங்குலச் சதுரத் தாள், ஒரு பென்சில், ஒரு கறுப்பு மைப் பேனா, அழிப்பான் கிடையாது. அவ்வளவே அதன் கருவி. உலகம் விலை கொடுத்துக் கற்றுக்கொள்ளும் ஒன்று, நம் பாட்டியின் விரல் நுனியில் விலையின்றி இருந்தது என்பதை அறிந்தால் நமக்கு மகிழ்ச்சியோடு சிறிது வெட்கமும் பிறக்கும்.

தொடங்கும் முறை

கோடு போடாத நோட்டு ஒன்றும் மைப் பேனா ஒன்றும் போதும். பென்சில் வேண்டாம். அழிக்க முடியும் என்ற எண்ணம் இருந்தால் கை தயங்கும். மை என்றால் கோடு போகும் வழியிலேயே மனமும் போகும். கோடு வழி தவறினால் அடுத்த புள்ளியில் சரிசெய்துகொண்டு மேலே செல்லலாம், அல்லது அது ஒரு புதுக் கோலமாக மாறுவதைக் கண்டு மகிழலாம். முதல் வாரம் 2 புள்ளியாக 3 வரிசை. அடுத்த வாரம் 3 புள்ளியாக 4 வரிசை. அவசரம் வேண்டாம். பக்கத்தின் ஓரத்தில் தேதியை மட்டும் குறியுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு போட்டு ஈடுகட்ட வேண்டியதில்லை. அது கம்பெனிக் கணக்கு, இங்கே வேண்டாம்.

எந்த நேரம் உகந்தது? வீட்டுக்கு வீடு வேறுபடும். இரவுச் செபத்திற்கு முந்திய பத்து நிமிடம் பலருக்கும் பொருந்தும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்நேரம் ஓய்ந்திருக்கட்டும். கணவரும் ஆண்பிள்ளைகளும் கூட வரையலாம்; கெல்ஸ் நூலின் பின்னல்களை வரைந்தவர்கள் ஆண்களே என்று அவர்களுக்கு நினைவூட்டுங்கள். நாள் முழுதும் தைத்துக் கை வலிப்பவர்கள் வலியோடு வரைய வேண்டாம். கைக்கு ஓய்வும் வேண்டும், வலி நீடித்தால் மருத்துவரும் வேண்டும்.

ஐயங்கள் சில

கோலம் நம் சமயத்திற்கு ஏற்றதா என்று தயங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தில், மக்களினங்களின் வாழ்வில் மூடநம்பிக்கையோடும் பிழையோடும் பிரிக்க முடியாதபடி பிணைந்திராதவற்றைத் திருச்சபை பரிவோடு நோக்குகிறது என்று கற்பித்தது. தமிழகத்துப் பங்குகள் பலவற்றில் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் பொங்கல் விழாவிலும் சிலுவையும் விண்மீனும் அமைந்த கோலங்கள் ஆலய முற்றத்தை அழகு செய்கின்றன. ஆகவே, நோட்டில் வரையும் கோட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதேவேளையில், கோலம் செபத்திற்கு ஈடாகாது. உழுத நிலத்தில் விதை எளிதாக இறங்குவதைப் போல, அமைந்த மனத்தில் செபம் எளிதாக இறங்கும். அந்த அளவில் அது துணை செய்யும்.

மற்றோர் ஐயம் இதனினும் கடினமானது. "பத்து நிமிடம் உட்காருவதற்கு எங்களுக்கு நேரம் ஏது?" என்று ஓவர்டைம் செய்து களைத்து வரும் தாய் கேட்டால் என்ன விடை கூறுவது? அவள் கேட்பது நியாயமே. கோடு வரைவதனால் வேலை நேரம் குறையாது, கூலியும் உயராது. அவற்றுக்குச் சட்டமும் சங்கமும் நேர்மையான முதலாளியும் வேண்டும். ஒரு மனிதப் பிறவிக்கு நாளில் பத்து நிமிடம்கூடத் தன்னுடையதாக இல்லையென்றால், குறை அவளிடம் இல்லை. அதனை அவளுக்கும் நமக்கும் அந்த வெற்றுப் பக்கம் உணர்த்துமானால் அதுவும் ஒரு பயனே. வீட்டிலுள்ள மற்றவர்கள் பாத்திரம் துலக்கி அவளுக்கு அந்தப் பத்து நிமிடத்தைத் தரலாம் அல்லவா?

அன்புக் குடும்பங்களே! உங்கள் வீட்டில் மூதாட்டி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அவர் கையில் ஒரு பேனாவைக் கொடுங்கள். அவருக்கு நினைவிருக்கும் ஒரு கோலத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேரக்குழந்தை அதன் அருகிலேயே அதனை மீண்டும் வரையட்டும். அக்கம்பக்கத்து ஒடிசாப் பெண்ணையும் அழைத்து, அவளுடைய ஊர்க் கோலம் ஒன்றை அடுத்த பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். புள்ளி வைத்துக் காட்டினால் அவளுக்குப் புரிந்துவிடும்.