சட்டி அளவும் சட்ட அளவும்

பாலாற்றில் மீன் பிடித்துக் கரையிலேயே குழம்பு வைப்பதென்றால், திருக்கழுக்குன்றம் பக்கத்தில் முன்பெல்லாம் முதலில் சட்டியைத்தான் பார்ப்பார்கள். வந்திருப்பவர்கள் எத்தனை பேர், கொண்டுவந்த சட்டி எவ்வளவு கொள்ளும் என்று பார்த்த பிறகுதான் வலை நனையும். சட்டிக்குப் போதுமான மீன் விழுந்ததும் வலையை உதறிச் சுருட்டிவிடுவார்கள். அதற்கு மேல் பிடித்தால் வைத்துக்கொள்ள ஐஸ் கிடையாது. ஊருக்குச் சுமந்து போவதற்குள் வெயிலில் மீன் நைந்துவிடும். ஆகவே அன்றைய அளவில் பாதி நல்லெண்ணம், பாதி வழியின்மை. அந்த மனிதர்களைப் புனிதர்களாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் எந்தக் காரணத்தால் வலை சுருண்டாலும், ஆற்றில் மீன் மிஞ்சியது.

சமைப்பதற்கும் ஒரு முறை இருந்தது. பாலாறு மழைக்காலத்தில் சில வாரங்கள் ஓடும். மற்ற மாதங்களில் மணலும் அங்கங்கே தேங்கிய மடுவும்தான். மணலைக் கையால் தோண்டினாலே ஊற்று சுரக்கும். அந்த ஊற்றுநீர்தான் கரையோர ஊர்களுக்குக் குடிநீர். அதனால் ஊற்றுக்கு மேற்புறத்தில் யாரும் மீன் கழுவமாட்டார்கள். பள்ளத்துப் பக்கமாக விலகிப்போய், கரடுமுரடான கல்லில் தேய்த்துச் செதிலை எடுத்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசுவார்கள். குடலும் செவுளும் காக்கைக்கும் கொக்கிற்கும் போகும். மிஞ்சியதைக் குழியில் மூடுவார்கள். மூன்று கல், சவுக்கு மிலாறு, மண்சட்டி, புளி, செய்யூர் உப்பளத்து உப்பு. இதற்கு மேல் எதுவும் சுமந்து வந்ததில்லை. சமைத்து முடித்ததும் நெருப்பின் மேல் மணலைத் தள்ளிவிட்டுப் போனால் பெரியவர்கள் அதட்டுவார்கள். மேலே ஆறியதுபோல் தெரியும், உள்ளே கனல் இருக்கும், மாடு மேய்க்கும் பிள்ளை வெறுங்காலோடு அதில் மிதிக்கும். தண்ணீர் ஊற்றி அவித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சாப்பிடும் நேரத்தில் ஆற்றைக் கடந்து யார் வந்தாலும் ஒரு வாய் சோறு உண்டு; ஆகவே சட்டியைக் கணக்கிடும்போதே முகம் தெரியாத இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

எந்த மீனை விடுவது என்பதும் சொல்லாமலே தெரிந்திருந்தது. விரால் தன் குஞ்சுக் கூட்டத்தை அடியில் நின்று காவல் காக்கும். நீரின் மேல் குஞ்சுகள் செம்மையாகத் திரண்டு புரளும் இடத்தில் தூண்டில் போட்டால் பெரிய மீன் எளிதில் சிக்கும். சிக்கிய மறுநாள் குஞ்சுகள் வேறு மீனுக்கு இரையாகும். அப்படிப் பிடிப்பவனைக் கரையில் இருப்பவர்கள் நாலு பேர் கேட்க வைதுவிடுவார்கள். புதுவெள்ளத்தில் எதிரேறி வரும் கெண்டையும் கெளுத்தியும் வயிறு நிறையச் சினையோடு வரும். அதை விடு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சினை மீனின் ருசிக்காகவே அந்த நாளுக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். காக்கைக்கொல்லி விதையை இடித்துப் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பதும் பழைய வழக்கம்தான். நஞ்சையும் வெடியையும் தடுக்க 1897இலேயே இந்திய மீன்வளச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவர நேர்ந்தது. அன்றைய ஆறு தவறே நடக்காத இடமாக இருந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு வேலை இருந்திருக்காது.

இன்று அதே பாலாற்றில் ஊற்றைத் தேட வேண்டியிருக்கிறது. லாரி லாரியாக மணல் போனபின் பல இடங்களில் அடியில் இருந்த களிமண் வெளியே வந்துவிட்டது. களிமண்ணில் ஊற்று சுரக்காது. வயலூரிலும் வல்லிபுரத்திலும் தடுப்பணைகள் வந்திருக்கின்றன. 2021 நவம்பரில் ஆறு இருகரையும் புரண்டு ஓடியதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பாலாறு பெயருக்கு மட்டும்தான் ஆறு என்ற எண்ணம் போனது. அணைகளுக்குப் பின்னால் தண்ணீர் மாதக் கணக்கில் நிற்கிறது, மீனும் நிற்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால் தண்ணீர் வழியும் நாளில் அங்கே திரளும் கூட்டத்தில் சட்டி அளவைப் பார்ப்பவர்கள் குறைவு. கொசுவலையைக் கட்டி வழியும் நீரை வடிகட்டுகிறார்கள். விரல்நகத்தளவு குஞ்சும் அதில் தப்பாது. பேட்டரியில் கம்பியைச் செருகி நீருக்குள் விடுபவர்களும் உண்டு. மீனைப் பைகளில் நிரப்பி வண்டியில் மாட்டிக்கொண்டு, தேவைக்கு மேல் இருப்பதைச் சாலையோரத்தில் விற்கிறார்கள்.

விழும் மீனும் மாறிவிட்டது. குரவை, உளுவை, ஆரா, அயிரை, விரால், நாட்டுக் கெண்டை என்று ஒரே வீச்சில் பலவகை விழுந்த வலையில் இப்போது பெரும்பாலும் ஜிலேபிதான். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அந்த மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் அதன் வம்சம் அழிவதில்லை. சாக்கடை கலந்த ஏரியிலும் அது பிழைத்துக்கொள்ளும். ஏழை வீட்டுக்குக் குறைந்த விலையில் குழம்பு மீன் கிடைக்கச் செய்தது அதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆரா மீனை இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் பாம்பா என்று கேட்கிறார்கள்.

ஏரிகளின் கதை வேறு. மீன்பாசி குத்தகை அன்றும் இருந்தது. இருந்தாலும் நீர் வற்றிக் கணுக்கால் அளவுக்கு வந்த கடைசி நாட்களில் ஊரார் இறங்கலாம். இன்று குத்தகைக்காரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விலைகொடுத்து வாங்கி விடுகிறார். பணம் போட்டவர் கடைசி மீன்வரை காவல் வைப்பதில் தவறு காணமுடியாது. தென் மாவட்டங்களில் அந்தப் பழைய உரிமை இன்னும் விழாவாக நிற்கிறது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் கண்மாயை ஊரார் எல்லாரும் பிடித்துக்கொள்ள அழிகண்மாயாக விடும்போது, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகே ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகள் தண்ணீரில் இறங்கும். அதில் பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டில் சமைத்துச் சாமிக்குப் படைத்து, உறவுக்கும் கொடுத்துச் சாப்பிடுவது வழக்கம். விற்கக் கூடாது என்ற அந்த ஒரு சொல்லை விடக் கடுமையான அளவுக் கட்டுப்பாட்டை எந்த அரசிதழும் எழுதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. விற்க முடியாதபோது ஒரு வீடு எத்தனை மீனைத்தான் தின்னும்?

கடற்கரைக்கு வந்தால் மாற்றம் இன்னும் பெரிது. மாமல்லபுரம், கொக்கிலமேடு, தேவனேரி, பட்டிபுலம், சதுரங்கப்பட்டினம் எங்கும் ஒரு காலத்தில் கட்டுமரம்தான். நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்து, விடியுமுன் கரைக்காற்றில் பாயை விரித்துப் போய், பகலில் கடல்காற்றில் திரும்புவார்கள். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயவிடுவார்கள். மரம் காயும் நேரம் கடலுக்கும் ஓய்வு. கட்டுமரம் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு சுமக்கும் என்பதே மீன்பிடியின் எல்லை. கரைக்கு வந்த மீனில் வீட்டுக் குழம்புக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைப் பெண்கள் மணலில் கூறு கட்டுவார்கள். ஒரு கூறில் பெரியது இரண்டு, சிறியது நாலு, பொடி ஒரு கை என்று கலந்தே இருக்கும். பெரிய வலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவர் வெளியூர்க்காரரானாலும் ஒரு பிடி மீன் இல்லாமல் போகமாட்டார். விதவைக்கும் முதியவருக்கும் கொடுப்பதைத் தானம் என்று யாரும் சொன்னதில்லை.

உப்பங்கழியில் இருளர்களின் முறையைப் பார்த்தவர்களுக்கு அளவு என்பது இன்னும் தெளிவாகும். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். பறி நிறைந்தால் கழுத்து தாங்காது; கரையேறிவிடுவார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகும் மோட்டாரும் பிடித்துக்கொண்டன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன தொழிலில் அலையைச் சீக்கிரம் தாண்டவும், மழை வருவதற்குள் திரும்பவும் முடிந்தது. அது எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கிறது என்பதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. நிவாரணமாக வந்த படகுகள் இழந்த படகுகளை விட அதிகம் என்பதும் உண்மை. மரமும் காற்றும் வைத்த எல்லை மோட்டார் வந்ததும் இல்லாமல் போனது. அந்த இடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்தன.

அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர், விசைப்படகு நுழையாமல் நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. 2001இல் கிழக்குக் கரைக்கு 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். தடைக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த நிவாரணம் 8,000 ஆனது. சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனையோடு இடம் கொடுத்தது. மடு வற்றும் காலம், காற்று திரும்பும் காலம் என்று கணக்கிட்ட இடத்தில் இப்போது கிழமையும் மணியும் இருக்கின்றன.

இவை வேண்டாதவை அல்ல; இவை இல்லாவிட்டால் நெத்திலிகூட மிஞ்சாது. ஆனால் அன்று எல்லையை வைத்தவரும் அதை மீறினால் கேட்பவரும் ஒரே கரையில் இருந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக் குப்பங்கள் ஒவ்வொன்றிலும் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் உண்டு, எந்த வலை போடலாம், எதைப் போடக்கூடாது என்று அதுவே முடிவு செய்த காலம் வெகு தொலைவில் இல்லை. வடக்கே பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்றிருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுக் குலுக்கி, நல்ல இடமும் சுமாரான இடமும் முறைவைத்து எல்லாருக்கும் வரும்படி இறால் பிடிப்பைப் பங்கிட்டுக்கொள்வார்கள். உரிமை இல்லாதவருக்கு அதில் இடமில்லை, அந்தக் குறை அதற்குண்டு. ஆனால் அதன் விதியைத் தெரிந்துகொள்ள ஒருவர் அரசிதழைப் புரட்ட வேண்டியதில்லை.

மாமல்லபுரக் கடற்கரையில் இன்று மீன் சமைப்பது சுற்றுலாவின் பகுதி. காணும் பொங்கலன்று வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. தட்டில் வஞ்சரமும் கடம்பாவும் இறாலும் மிளகாய்ச் சாந்து பூசி அடுக்கியிருக்கும். கை நீட்டியதை எடுத்து டிஜிட்டல் தராசில் வைத்து, தோசைக்கல்லில் போட்டுத் தருவார்கள். கூறில் இருந்த கலப்பு தராசில் இல்லை. எல்லாரும் ஒரே அளவு, ஒரே வகை கேட்கிறார்கள். கவலையும் காரப்பொடியும் கேட்பாரற்றுக் கிடக்க, வஞ்சரம் ஒவ்வொரு துண்டாகத் தீர்கிறது. அந்தக் கடைகளால் பல மீனவப் பெண்கள் தலைச்சுமை இல்லாமல் நின்ற இடத்தில் சம்பாதிக்கிறார்கள் என்பது பெரிய லாபம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. ஆனாலும் அலை ஒதுங்கும் இடத்தில் தட்டும் குவளையும் முள்ளோடு கலந்து கிடக்கின்றன. வாழையிலையில் சாப்பிட்ட காலத்தில் எச்சிலிலையை மாடு தேடி வரும்.

சிங்கி இறாலைச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றிப் பேசிவிட முடியாது. கோவளத்திலிருந்து தெற்கே கடலடிப் பாறைகளை ஒட்டி அது கிடைக்கும். அளவில் சிறிய சிங்கி ஏற்றுமதியாவதைத் தடுக்க 2003இல் மத்திய அரசு வகைக்கு வகை குறைந்தபட்ச எடை வைத்தது. இங்கே அதிகம் கிடைக்கும் வகைக்கு 200 கிராம். பெரிதாக வளரும் வகைக்கு 500 கிராம். ஆனால் அந்த எடை கப்பலேறும் சிங்கிக்குத்தான். 200 கிராம் தேறாதது உள்ளூர்ச் சந்தைக்கும் கடற்கரைத் தோசைக்கல்லுக்கும் வந்துசேர்கிறது. வெளிநாட்டுக்காரர் தட்டில் வைக்கக் கூடாத குஞ்சு நம் தட்டில் வைக்கத் தகுந்ததாகிவிடுகிறது. கேரளம் 2015இல் 14 வகை மீன்களுக்குப் பிடிக்கும்போதே குறைந்தபட்ச நீளம் என்று விதித்தது. இன்ன நீளத்துக்குக் குறைந்ததைப் படகிலிருந்து இறக்கவே கூடாது என்பது அங்கே ஏற்பாடு.

நண்டு வாங்கும்போது திருப்பிப் பார்த்து, வயிற்றடியில் முட்டைக் கொத்து இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். விற்பவர் கோபித்துக்கொள்வதில்லை, இரண்டு பேர் அப்படிக் கேட்டபின் மூன்றாம் நாள் அந்த நண்டைத் தட்டின் முன்வரிசையில் வைப்பதில்லை. சிங்கி இறாலைத் தராசில் வைத்ததும் 200 இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்கலாம். தராசில் எண் தெரியும், கேட்பவர்தான் இல்லை.

ஆற்றுக்கும் ஒரு நாள் கணக்கு வேண்டியிருக்கிறது. கடலுக்கு 61 நாள் என்பது இந்த மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பாலாற்றில் புதுவெள்ளம் வந்து, மீன் சினையோடு எதிரேறும் முதல் இரண்டு வாரம், வயலூரிலும் வல்லிபுரத்திலும் தடுப்பணைக்குக் கீழே வலையோ கொசுவலையோ போடுவதில்லை என்று கரையூர்கள் கூடிச் சொன்னால் போதும். கிராம சபையில் ஒரு தீர்மானம், கலங்கலில் ஒரு பலகை, அதைப் பார்த்தபின்னும் இறங்குபவரை நாலு பேர் கேட்க வைய ஒரு பெரியவர். அவ்வளவுதான் தேவைப்படும். மூன்றாம் வாரம் சட்டியை எடுத்துக்கொண்டு எல்லாரும் வரலாம்.