மரப்பாதையில் ஓடும் மலை

கொங்கு நாட்டில் ஊஞ்சலைத் 'தூரி' என்பர். திருவிழாத் திடலில் மரத்தொட்டில்களைத் தாங்கிச் சுழலும் ராட்டினத்தை 'ராட்டினத் தூரி' என வழங்குவதும் உண்டு. உச்சியை எட்டிய தொட்டில் கீழிறங்கும் நொடியில் அடிவயிறு கூசும்; அச்சமும் மகிழ்ச்சியும் ஒருங்கே பிறக்கும். அந்த நொடியை மீண்டும் மீண்டும் தருவதற்கென்றே அமைக்கப்பட்டது ரோலர் கோஸ்டர். அவ்வகையில் உலகப்புகழ் பெற்றது, நியூயார்க் நகரின் கோனி தீவில் உள்ள 'சைக்ளோன்'.

தோற்றம்

உருசிய நாட்டில் பனிக்காலத்தில் மரச்சாரங்களின்மீது பனிக்கட்டியைப் பரப்பிச் சறுக்கி விளையாடினர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் மாக் சங்க் என்னும் ஊரில் 1827 இல் நிலக்கரியை மலையிலிருந்து இறக்க இருப்புப்பாதை அமைத்தனர். நிறைவண்டிகள் தம் எடையாலேயே இறங்கின. வெற்றுவண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்தன. நாளடைவில் அப்பாதையில் மக்கள் இன்பப் பயணம் செய்யத் தொடங்கினர். 1884 இல் லமார்க்கஸ் தாம்சன் கோனி தீவில் இத்தகைய பாதையொன்றைக் கேளிக்கைக்கெனவே அமைத்தார். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டரே. கட்டணம் ஐந்து சென்ட். அதே தீவில் 1927 சூன் 26 அன்று சைக்ளோன் திறக்கப்பட்டது.

ஏற்றமும் இறக்கமும்

இவ்வண்டிக்கு எஞ்சின் இல்லை. சங்கிலியொன்று அதனை முதல் உச்சிக்கு இழுத்துச் சென்று விடுவிக்கும். அங்கே சேர்ந்திருக்கும் நிலையாற்றல், இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறுகிறது. சைக்ளோனின் உயரம் ஏறத்தாழ 26 மீட்டர். உராய்வே இல்லை எனக் கொண்டு கணக்கிட்டால், 26 மீட்டர் இறங்கும் வண்டி மணிக்கு ஏறத்தாழ 81 கிலோமீட்டர் வேகம் பெறும். உராய்வும் காற்றின் தடையும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டே வருவதால், அடுத்தடுத்த மேடுகளை முதல் உச்சியினும் தாழ்வாகவே அமைக்கின்றனர்.

மேலேறும்போது 'டக், டக்' என்னும் ஒலி கேட்கும். வண்டியின் அடியிலுள்ள கொக்கி, பாதையிலுள்ள பற்களின்மீது ஒவ்வொன்றாக விழும் ஒலி அது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி ஓடாது. நம் மேட்டுப்பாளையம் – உதகை மலை இரயிலிலும் பற்களுக்கு இடமுண்டு. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்பாதை செல்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்வி ஏறுகிறது. மலை இரயில் இறங்கும்போதும் அப்பிடியை விடுவதில்லை. ரோலர் கோஸ்டரோ உச்சியில் பிடியை விட்டுவிடுகிறது. மேட்டைத் தாண்டும் வேகத்தில் வண்டி மேலெழும்ப முயலும். அதனைத் தடுக்கத் தண்டவாளத்தின் அடிப்புறத்தைப் பற்றி ஓடும் சக்கரங்களை ஜான் மில்லர் என்னும் பொறியாளர் புகுத்தினார்.

மரத்தின் இயல்பு

'மர ரோலர் கோஸ்டர்' என்னும் பெயர் தாங்கும் தூண்களைக் கருதி அமைந்ததன்று. சைக்ளோனின் தூண்கள் எஃகால் ஆனவை. மரப்பலகைகளை அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய எஃகுப் பட்டை பதித்த பாதையே அப்பெயருக்குக் காரணம். மரம் சற்றே வளைந்து கொடுக்கும். அதனால் வண்டி குலுங்கும். குலுக்கமே அதன் சுவை. ஆயினும் மரம் மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும். அதனால் ஆணிகள் தளரும். ஆகவே பணியாளர்கள் பாதை நெடுக நடந்து ஆய்ந்து, நைந்த பலகைகளை மாற்றுகின்றனர். தேரோட்டத்திற்கு முன் தச்சர் தேரின் அச்சையும் சக்கரங்களையும் ஆராய்வதை ஒத்தது இப்பணி.

காக்கப்பட்ட மரபு

1970களில், அருகிலிருந்த மீன் காட்சியகத்தை விரிவாக்குவதற்காகச் சைக்ளோனை இடிக்க எண்ணினர். மக்கள் எதிர்த்தனர். செப்பனிடப்பட்ட சைக்ளோன் 1975 இல் மீண்டும் ஓடியது. 1988 இல் நியூயார்க் நகரம் அதனைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. நீலகிரி மலை இரயிலும் 2005 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

விளையாட்டுக்கென அமைத்ததும் வரலாறாகலாம் என்பதற்குச் சைக்ளோன் சான்று. அதில் ஏறுவோர் அச்சத்தைத் துய்க்க முடிவது, காலையில் எவரோ ஒருவர் அப்பாதையில் நடந்து ஒவ்வோர் ஆணியையும் பார்த்திருப்பதால்தான். நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினம் சுற்றும்போதும் அத்தகைய கைகளை நினைத்தல் நம் கடன்.