‘லைசென்ஸ் வேண்டாம்’ என்பவர் ஆம்பூரில் யாருக்கு ஓட்டுப் போடுவார்?

அரசாங்கம் தொழிலில் மூக்கை நுழைக்காம இருந்தா போதும் என்று நினைக்கும் ஆம்பூர் தோல் வியாபாரிக்கு எந்தக் கட்சி சரிப்படும்? ஒரு காலத்தில் பதில் இருந்தது. 1959-ல் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சி. காங்கிரஸ் ஆட்சியை ‘லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம்’ என்று சாடிய கட்சி அது. 1967-ல் தி.மு.க. கூட்டணியில் நின்று சென்னை மாகாண சட்டமன்றத்தில் 20 இடங்களைப் பிடித்தது. நாடு முழுக்க மக்களவையில் 44.

1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சி, சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. பாதி பதப்படுத்திய தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கோட்டா போட்டதும் ஏறக்குறைய அப்போதுதான்!

அமெரிக்காவில் இந்த ரகத்தினருக்கு 1971-லிருந்து லிபர்டேரியன் கட்சி இருக்கு. ஜெயிக்காது, அது வேற விஷயம். அதனால்தான் 1988-ல் அதன் அதிபர் வேட்பாளராக நின்ற ரான் பால், 2008-ல் குடியரசுக் கட்சிக்குள்ளேயே வாய்ப்புக் கேட்டார். இங்கே புதுக் கட்சி தொடங்குவதிலேயே சிக்கல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி, பதிவு கேட்கும் கட்சி சோஷலிசக் கொள்கைக்கு விசுவாசமாக இருப்பதாக எழுதித் தரணும்.

அப்போ கட்டுப்பாடே வேண்டாமா? அதைப் பாலாற்றங்கரைக் கிணற்றுக்காரர்களிடம்தான் கேட்கணும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது.