சரக்கையும் பார், சீட்டையும் பார்

மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் போட்டுக் கண்டுபிடித்து விடுகிறோம். மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லி விற்கும் பொருளை எதில் போட்டுப் பார்ப்பது? எகிப்து நாட்டுப் பழம்பொருள் சேகரிப்போர் ஏமாந்த கதைகளில் நம் வணிகர்களுக்கும் பாடம் இருப்பதால் எழுதுகிறோம்.

இறந்தவருக்கு மறுமையில் வேலை செய்வதற்கென்று எகிப்தியர் கல்லறையில் வைத்த சிறு பொம்மைக்கு 'உஷப்தி' என்று பெயர். இதற்குப் போலிகள் ஏராளம். அச்சில் செய்தது என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். அக்காலத்திலும் அச்சு உண்டு. ஆனால் காற்றுக் குமிழி தெரிந்தாலும், எழுத்துகள் பொருளற்ற கிறுக்கலாக இருந்தாலும், துடைத்ததும் அழுக்கு சாயமாக வந்தாலும் உஷாராக வேண்டும்.

நகல் விற்பது குற்றமன்று, அருங்காட்சியகங்களே விற்கின்றன. நகலின் அடியிலுள்ள முத்திரையைத் தேய்த்து அசல் என்பதும், வாயால் 'பழசு' என்று சொல்லிவிட்டுப் பில்லில் 'எகிப்திய பாணி' என்று எழுதுவதும்தான் மோசடி.

இங்கிலாந்தின் போல்டன் நகர அருங்காட்சியகம் 2003இல் 'அமர்னா இளவரசி' என்ற சிலையைச் சுமார் 4,40,000 பவுண்டுக்கு வாங்கியது. விற்ற குடும்பம் 1892ஆம் ஆண்டு ஏலப் பட்டியலைக் காட்டியது. பட்டியல் அசல், அதில் எகிப்தியச் சிலைகள் என்று பொதுவாகத்தான் இருந்தது. சிலையோ அதே ஊரில் ஷான் கிரீன்ஹால் என்பவர் செய்தது! நிபுணர்களும் ஏமாந்தார்கள். பிறகு அக்குடும்பம் கொண்டுவந்த அசிரியக் கல் சிற்பத்தில் எழுத்துப்பிழை இருக்கவே குட்டு உடைந்தது. 2007இல் ஷானுக்கு 4 ஆண்டு 8 மாதம் சிறை.

தெரிந்த முத்திரையை நம்பி மூட்டையைப் பிரிக்காமல் இறக்கி நாமும் நஷ்டப்பட்டதுண்டு.

நியூயார்க்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் ஒரு பூசாரியின் பொன்முலாம் பூசிய சவப்பெட்டியைச் சுமார் 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெட்டி அசல், 1971 மே மாதத் தேதியிட்ட ஏற்றுமதிச் சீட்டு போலி. அம்மாதத்தில் அந்நாட்டின் பெயர் ஐக்கிய அரபுக் குடியரசு. சீட்டின் முத்திரையிலோ செப்டம்பரில் வைத்த புதுப்பெயர்! 2019இல் பெட்டி எகிப்துக்குத் திரும்பியது. இன்னொரு கும்பல், இல்லாத சேகரிப்பு ஒன்றின் பெயரில் சீட்டு அச்சடித்து, தேயிலைச் சாயத்தால் பழசாக்கியது. அந்த வழக்கில் 2002இல் நியூயார்க் வியாபாரி ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானது.

எகிப்தில் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் பழம்பொருள் வியாபாரத்துக்கே தடை போட்டது. எனவே 'இப்போதுதான் மண்ணிலிருந்து எடுத்தது' என்று ஒருவர் நீட்டினால் அது போலி, அல்லது திருட்டு. இரண்டிலும் வாங்கியவருக்கே நஷ்டம்.

ஆகவே சரக்கைப் பார்ப்பது பாதி வேலை; சீட்டைப் பார்ப்பது கால்; இந்தச் சீட்டு இந்தச் சரக்குக்கு உரியதுதானா என்று பார்ப்பது மீதிக் கால். வாயால் சொன்ன வயதைப் பில்லில் எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். நம் கடைப் பில்லிலும் நாம் சொன்னதே இருக்கட்டும்.