கழற்றிய பாகங்களை எறிவதற்கு முன்

பிள்ளைகளின் படிப்பிற்கென வாங்கிய மடிக்கணனி சில ஆண்டுகளில் வேகம் குறைந்துவிடுகின்றது. புதிது வாங்க வசதியில்லாதபோது உட்பாகங்கள் சிலவற்றை மட்டும் மாற்றி அதையே தொடர்ந்து பாவிக்கின்றோம். இது சிக்கனமான வழி. ஆனால் கழற்றிய பாகங்களைக் கடையிலேயே விட்டுவருவதும் குப்பையோடு எரிப்பதும் நல்லதல்ல.

வன்தட்டு: முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. கோப்புகளை அழித்தாலும், விரைவு முறையில் 'போர்மட்' செய்தாலும் தகவல்களின் அட்டவணை மட்டுமே அழிகின்றது. தகவல்கள் பெரும்பாலும் தட்டிலேயே இருக்கும். அடையாள அட்டைப் பிரதி, வங்கி விபரம் என்பன பிறர் கைக்குப் போகலாம். எனவே யாருக்கேனும் கொடுப்பதானால், விரைவு முறையைத் தவிர்த்து முழுமையாகப் 'போர்மட்' செய்விக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரம் எடுக்கும்.

பழுதில்லாத வன்தட்டை நாமே வைத்திருப்பது மேலானது. 2.5 அங்குல வன்தட்டுக்குரிய உறையொன்றை வாங்கி அதனுள் பொருத்தினால், யூ.எஸ்.பி. வழியாக எந்தக் கணனியிலும் இணைக்கலாம். இடம்பெயர்வில் காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் தொலைத்தவர்கள் எம்மிடையே பலர். இப்பத்திரங்களைப் படம் பிடித்து இத்தட்டில் பதிந்து, வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைக்கலாம். பிரதி மூலப்பத்திரத்திற்கு ஈடாகாது. ஆயினும் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை தெரிந்தால், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிப்பது இலகு. பழைய தட்டு எந்நேரமும் பழுதடையலாம். ஆகவே அதை ஒரேயொரு பிரதியாக நம்பியிருக்கக் கூடாது.

நினைவகம் ('ராம்'): இதை அயலவரின் மடிக்கணனிக்குக் கொடுக்கலாம். ஆனால் வகை பொருந்த வேண்டும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ஆகியவற்றின் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. தங்கநிறப் பற்களைத் தொடாமல் ஓரத்தில் பிடிக்க வேண்டும்.

பற்றரி: வீங்கிய லிதியம் பற்றரியை மீண்டும் சார்ஜ் செய்யவோ, குத்தவோ, அமுக்கவோ, எரிக்கவோ கூடாது, தீப்பற்றும். அதன் முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, கிடுகு, வைக்கோல், பிள்ளைகளின் கை ஆகியவற்றிற்கு எட்டாமல் உலர்ந்த இடத்தில் வைத்து, விரைவில் ஒப்படைக்க வேண்டும்.

வயர்களும் பலகைகளும்: செம்புக்காக வயரை எரிக்கும்போது நச்சுப் புகை எழுகின்றது. பழைய மின்சுற்றுப் பலகைகளின் ஈயம் சாம்பலோடு கலந்து தோட்ட மண்ணில் சேரும். நாம் மரக்கறி நடுவதும் அதே மண்ணில்தான்.

2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி இலத்திரனியல் கழிவைச் சேகரிப்பவர் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். தனித்தனியாக அலைவதை விட, கிராம அபிவிருத்திச் சங்கம் ஊரின் பழைய பாகங்களை ஓரிடத்தில் சேர்த்து, அத்தகைய ஒருவரிடம் ஒன்றாக ஒப்படைக்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்.